குளிர்கிடங்குக்காரர் வாடகைக்கு விட்ட வீடு

வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன், நல்லதாக ஒன்று காட்டுங்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது மாதம் எவ்வளவு வரும் என்பதுதான். எவ்வளவு போகும் என்று இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நான் வீட்டுத் தரகன். வாங்குகிறவர், விற்கிறவர், குடிவருகிறவர் என்று எல்லாப் பக்கமும் பேசி முடிப்பது என் பிழைப்பு. வாய் மட்டும் இல்லாவிட்டால் உன்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று என் அக்கா சொல்லுவாள்.

அந்த வாயை நம்பித்தான் அக்கா வீட்டுக்காரர் வீடு வாங்கினார். அந்த வீட்டில் ஒரு இளம்பெண் செத்துப்போனாள். அவள் விட்டுவிட்டுப் போன கைக்குழந்தைக்குத் தகப்பனாவது மிஞ்சுவானா என்பது மாமாவின் ஒரு வார்த்தையில் நின்றது. மாமாவைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசுகிறது. கூட இருந்து பார்த்தவன் நான், நானே சொல்லிவிடுகிறேன்.

மாமா இருபத்தொன்பது வருடம் குளிர்கிடங்கில் வேலை பார்த்தவர். பழமும் மீனும் மருந்தும் அடுக்கி வைக்கிற பெரிய பெரிய அறைகள். வெளியே சட்டை நனைய வேர்க்கும்போது உள்ளே மூச்சு புகையாக வரும். அந்த அறைகளின் கதவுகள் மாமாவின் பொறுப்பு. கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டை ஒரு விரலகலம் தளர்ந்தாலும் குளிர் வெளியே போகும், சரக்கு கெடும். மாமா ஒரு துண்டுக் காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுத்துப் பார்ப்பார். காகிதம் வந்துவிட்டால் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பட்டையை மாற்றி, பசை போட்டு, இழுத்தால் காகிதம் கிழிய வேண்டும், வரக் கூடாது. அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். சட்டைப் பையில் எப்போதும் ரப்பர் துண்டு கிடக்கும் என்பதால் கிடங்கில் அவருக்கு ரப்பர் என்றே பெயர். கல்யாணமான புதிதில் வீட்டு ஜன்னல், அலமாரி, பிஸ்கட் டப்பா மூடி வரை எதையும் விட்டுவைக்கவில்லை.

"ஒரு பிஸ்கட் எடுக்கணும்னா ரெண்டு ஆளு சேந்து டப்பாவ இழுக்க வேண்டியிருக்குடா" என்று அக்கா என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

அந்தக் குளிர் அவரிடமிருந்து வலது கையில் இரண்டு விரலின் உணர்ச்சியையும் பாதி நெஞ்சையும் எடுத்துக்கொண்டது. இனி உள்ளே போனால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, இருந்த சேமிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளைகள் கிடையாது.

"நாளைக்குப் படுத்துட்டா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. யார் கையையும் எதிர்பாக்காம மாசாமாசம் ஏதாவது வர்ற மாதிரி பண்ணுடா தம்பி" என்று அக்கா கேட்டாள்.

பதினோரு வீடு காட்டினேன். நல்ல தரகன் என்ன சொல்ல வேண்டுமோ அதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். வீட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள், வேலைநாளில் காலையில் போய் நில்லுங்கள், பக்கத்துப் பட்டறை எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அப்போதுதான் தெரியும். மழை கொட்டும்போது ஒரு தடவை போங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். பன்னிரண்டு மாத வாடகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். கையிலிருப்பதை முழுக்க வீட்டில் கொட்டாதீர்கள், ஓடுகிற குழாயும் உடைகிற சுவரும் உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. மாமா பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் செய்தார், கடைசி ஒன்றைத் தவிர. கையிலிருந்தது முழுக்க வீட்டுக்கே போய்விட்டது.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அதப் பத்திக் கவலப்படாதீங்க மாமா. உங்களுக்குத்தான் கைவேலை தெரியுமே. வெளி ஆளக் கூப்பிட்டீங்கன்னா வாடகைல பாதி அவனுக்கே போயிடும். எல்லாத்தையும் நீங்களே பண்ணுங்க."

மாமாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வேலையை விட்ட நாளிலிருந்து தொங்கிக்கிடந்த முகம் அன்றுதான் நிமிர்ந்தது.

மாடியில் சின்ன வீடு. இரண்டு அறை, சமையலறை, ஒரு குளியலறை. குளியலறைச் சுவரில் பழைய சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போன கேஸ் ஹீட்டர் இருந்தது. குழாயைத் திறந்தால் உள்ளே குப்பென்று தீ பற்றும், உடனே வெந்நீர் வரும். அதற்கு மேலே கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்து வைத்த வென்டிலேட்டர். முதலில் குடிவந்தவர்கள் தூசி வருகிறது, சத்தம் வருகிறது என்று ஐந்தே மாதத்தில் காலி செய்துவிட்டார்கள். அதன் பிறகு வீடு நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. மாமா தினமும் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். அந்த நான்கு மாதத்தில் ஜன்னலுக்கெல்லாம் பட்டை ஒட்டினார். ஈரம் கூடத்துக்கு வராமலிருக்கக் குளியலறைக் கதவைச் சுற்றியும் ரப்பர் ஒட்டினார். கதவைச் சாத்தினால் மெத்தென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே இரண்டு தடவை சாத்துவார்.

பிறகு அந்த இளம் ஜோடியைக் கொண்டுவந்து நான்தான் குடிவைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். வாடகை முதல் தேதியே வந்துவிடும். அக்காவும் மாமாவும் அவர்களைக் குடித்தனக்காரர்களாக நினைக்கவே இல்லை. குழந்தை பிறந்தபோது மருத்துவமனைக்கு முதலில் ஓடியது மாமாதான். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, திருகு கழன்றது, தாழ்ப்பாள் விழவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லி வாரத்துக்கு மூன்று தடவை குழந்தையைப் பார்க்கப் போவார்.

குளிர்காலம் வந்தது. வென்டிலேட்டர் வழியாகக் குளியலறைக்குள் ஊசிக்காற்று இறங்கியது. பிள்ளை பெற்ற உடம்புக்கு அது ஆகவில்லை. நடுக்கமாக இருக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றி, அந்த அளவுக்குத் தெர்மோகோல் வெட்டி வைத்து, மேலே பலகை அடித்து, நான்கு ஓரமும் சிலிக்கான் பசையால் இழுத்துவிட்டார். மறுநாள் என் தரகுக் கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

"எறும்பு நுழையாது மாப்ள. கிடங்குலகூட இவ்வளவு சுத்தமா அடைச்சதில்ல."

"நீங்க யாரு, ரப்பராச்சே" என்று சொன்னேன்.

ஆயிரம் குளியலறை பார்த்தவன் நான். கேஸ் ஹீட்டர் இருக்கிற இடத்தில் காற்று போக வழி இருக்க வேண்டும் என்று ஒரு மெக்கானிக் என்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறான். கேஸ் எரியும்போது அறையிலிருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிடும், வாசனையே இல்லாத நஞ்சு கிளம்பும் என்று சொன்னான். அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்ததா இல்லையா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. மதியம் ஒரு கடை கைமாற இருந்தது, என் கவனமெல்லாம் அதில் இருந்தது.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. லென்ஸ்காரர் ஐந்து நிமிடத்தில் குளித்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறவர். அவள் குழந்தை அழுதால் கேட்க வேண்டும் என்று கதவை ஒருக்களித்து வைத்துக் குளிப்பாள். பதினோராம் நாள் குழந்தை நன்றாகத் தூங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகத் தலைக்குக் குளிக்கப் போனாள்.

பகல் பதினொரு மணிக்குக் குழந்தை வெகுநேரமாக அழுகிறதே என்று கீழ்வீட்டு அம்மாள் மாமாவுக்குப் போன் செய்தாள். மாமாதான் தன்னிடமிருந்த சாவியால் வாசலைத் திறந்தார். மாமாதான் குளியலறைக் கதவை உடைத்தார். ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகம் சிவந்து, தூங்குகிறவள் மாதிரி இருந்தாள் என்று மாமா ஒரே ஒரு தடவை சொன்னார். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அக்காவின் தோளில் இருந்தது. போலீஸ்காரர்கள் உள்ளே இருந்தார்கள். கேஸ் மெக்கானிக் வென்டிலேட்டரைப் பார்த்து, "எந்தப் புண்ணியவான்யா இத அடைச்சது?" என்று சத்தமாகக் கேட்டான். இன்ஸ்பெக்டர் அதையே திருப்பிக் கேட்க மாமாவைத் தேடி வெளியே வருவதற்குள், நான் லென்ஸ்காரரை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடையிலிருந்து ஓடிவந்திருந்தார். விரல்களில் தேய்த்த கண்ணாடியின் வெள்ளை மாவு அப்படியே இருந்தது.

"நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க தம்பி. அத அடைக்கச் சொல்லிக் கேட்டது நீங்கதானே?"

தலையை ஆட்டினார்.

"நீங்க கேட்டீங்கன்னுதான் அவரு செஞ்சாரு. வயசானவரு, நெஞ்சு சரியில்லாதவரு. உள்ள வெச்சா திரும்பி வர மாட்டாரு. நீங்க புருஷன். உங்க வீட்டு ஓட்டைய நீங்க அடைச்சா அது குத்தம் இல்ல, விபத்து. ஒரு வாரத்துல மூடிடுவாங்க. ஒரு உயிர் போனது போதாதா?"

அவர் என்னையே பார்த்தார். கேட்டது புரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்லணும்ணே?"

"நான்தான் அடைச்சேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

போய்ச் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். ஒரு வீட்டைப் பேசி முடித்ததும் எனக்கு வருமே ஒரு நிம்மதி, அது அப்போது வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

ஒரு வாரத்தில் மூடிவிடுவார்கள் என்று நான் சொன்னது போலீஸ் விஷயத்தில் ஏறக்குறைய சரிதான். நான் யோசிக்காதது பெண்ணின் அம்மாவையும் அப்பாவையும். அப்பா பஸ் டிரைவர். மாப்பிள்ளைதான் அடைத்தான் என்று காதில் விழுந்ததும், பெண்ணைச் சுடுகாடு சேர்த்துவிட்டு வந்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பெண்ணை அடைத்துக் கொன்றவன் கையில் பிள்ளையைக் கொடுக்க முடியாது, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகிற ஆளா அவர்? ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார். யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுவார்.

இது ஒன்றும் மாமாவுக்குத் தெரியாது. போலீஸ் தன்னை ஏன் கேட்கவில்லை என்றும் அவர் கேட்கவில்லை. அந்த ஒரு மாதம் அவர் எதையுமே கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். லென்ஸ்காரர் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வந்தார். வரவு செலவைப் பேசி முடிக்க நானும் அங்கே இருந்தேன். அக்கா சும்மா இருக்காமல், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டாள்.

"பாக்க விட மாட்டேங்கிறாங்கம்மா."

"ஏன்? பெத்த அப்பன் நீ."

அவர் சாவியை மேஜைமேல் வைத்தார். மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"அவங்ககிட்ட என்னப்பா சொல்லியிருக்கு? யாரு அடைச்சதுன்னு சொல்லியிருக்கு?"

லென்ஸ்காரர் தரையைப் பார்த்தார். மாமா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குக் கையில்தான் உணர்ச்சி போயிருந்தது, மூளை நன்றாகவே வேலை செய்தது. நான் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். அது திறக்கவில்லை.

லென்ஸ்காரர் போன பிறகு நான் இரண்டு மணி நேரம் பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. வழக்கு வரும், வக்கீல் கேட்பதைக் கொடுக்க வீட்டைத்தான் விற்க வேண்டும், சாவு விழுந்த வீடு பாதி விலைக்குக்கூடப் போகாது, ஜெயிலில் உங்கள் நெஞ்சு ஒரு குளிர்காலம் தாங்காது என்று எடுத்துச் சொன்னேன். அக்காவும் அழுதாள்.

"நம்மகிட்ட அந்த வீட்ட விட்டா வேற என்னங்க இருக்கு? எனக்கு யாரு இருக்கா?"

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பதில் சொன்னது எனக்கு.

"புள்ள இல்லாதவன்டா நான். இன்னொருத்தன் புள்ளைய எடுத்து வெச்சுக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை லென்ஸ்காரர் அங்கே நிற்பார் என்று தெரிந்தே மாமா அன்றைக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். வழியிலாவது மனம் மாறுவார் என்று ஒரு நப்பாசை. லென்ஸ்காரர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். மாமா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தட்டினார். பெண்ணின் அப்பா திறந்தார். பின்னால் அம்மா, தோளில் குழந்தை.

"நான்தாங்க வீட்டுச் சொந்தக்காரன். உங்க மாப்பிள்ளை ஒண்ணும் அடைக்கல. இந்தக் கையாலதான் அடைச்சேன். கிடங்கு வேலைன்னு நெனச்சு அடைச்சுட்டேன். குளிர் வரக் கூடாதுன்னு பாத்தேன். காத்து வேணுமேன்னு எனக்குத் தோணல."

டிரைவர் கையை ஓங்கினார். மாமா நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே மருமகன் பக்கம் திரும்பியது.

"அப்புறம் நீ ஏன்டா நான் அடைச்சேன்னு சொன்ன?"

லென்ஸ்காரர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். ஆனால் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

"நானும்தான் அடைச்சேன். இவரு வேலைய முடிச்சுட்டு மெழுகுவத்திய கொளுத்தி என் கையில குடுத்தாரு. ஓரமா காட்டச் சொன்னாரு. நான் நாலு பக்கமும் காட்டினேன். சுடர் ஆடவே இல்ல. அவ பாப்பாவ வெச்சுக்கிட்டு கதவுகிட்ட நின்னா. சூப்பர் அங்கிள்னு சொன்னா. மூணு பேரும் சிரிச்சோம்."

டிரைவர் கையை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் அழவில்லை. மருமகனின் கைகளைப் பார்த்தாள்.

"உள்ள போய்க் கையக் கழுவிட்டு வா. அழுக்குக் கையோட புள்ளயத் தொடாத" என்றாள்.

பிறகு மாமாவிடம், "நீங்க போயிடுங்க. உங்க மூஞ்சிய இனிமே நான் பாக்கக் கூடாது" என்றாள். மாமா இரண்டு கையையும் கூப்பினார். குழந்தையின் பக்கம் அவர் கண் போனது. உடனே திரும்பிக்கொண்டு படியிறங்கினார்.

தெருமுனையில் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பினார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"புள்ளதான் கெடச்சிடுச்சே மாமா. அது போதாதா? ஸ்டேஷனுக்கு எதுக்கு?"

"அங்க எழுதி வெச்சிருக்கிறது அவன் பேருடா மாப்ள. நாளைக்கு அந்தப் புள்ள வளந்து அதப் படிக்கும்."

ஸ்டேஷனில் அதே இன்ஸ்பெக்டர்தான் இருந்தார். மாமா நின்றுகொண்டே சொன்னார். தெர்மோகோலின் கனம், பலகையின் அளவு, எத்தனை குழாய் சிலிக்கான் என்று ஒன்று விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி பெரியவரே. அன்னிக்கு அந்த ஆளு எதுக்குத் தான் அடைச்சதாச் சொன்னாரு? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

நான் மாமாவுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். பேசியே பிழைத்தவனுக்கு ஒரு சொல் வரவில்லை. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியாதுங்க. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன். என்ன சொல்றோம்னு தெரியாமச் சொல்லியிருப்பான்."

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி வைத்தார். உணர்ச்சியில்லாத விரல்களுக்குள் பேனா நிற்காமல் நழுவியது. மாமா இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

"கூட வந்திருக்கீங்களே, நீங்க யாரு?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"இவரோட மச்சினன்."

"அப்ப நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

விரலால் இடத்தைக் காட்டினார். மாமாவின் பெயருக்குக் கீழே, சாட்சி என்று எழுதியிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.